தியா: தி அவேக்கனிங் – முதல் ஆட்டத்தில் கிராமத்தைக் காப்பாற்றுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

'தியா: தி அவேக்கனிங்' ஒரு சிறிய கிராமத்தையும் அதன் ஆட்களையும் பிழைக்க வைக்கிற கணினி கேம். அக்கா மகனுக்கு இந்த கேமை அறிமுகப்படுத்தியபோது பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் பார்த்தேன். முதல் டர்னிலேயே, அதாவது ஆடும் முதல் முறையிலேயே, குழுவைக் கிளப்பிக் காட்டுக்குள் ஓடவிட்டான். எதிரில் வந்ததையெல்லாம் அடித்தான், நன்றாகவே அடித்தான். ஆனால் கையில் இருந்த சாப்பாடு தீர்ந்துபோனது, ஊர் வெகுதூரம் பின்னால் இருந்தது. திரும்பும் வழியில் ஒவ்வொருவராகச் செத்தார்கள். கொன்றது பூதமோ டிராகனோ இல்லை, பசிதான்.

அதற்கப்புறம் இன்னும் சிலருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். எல்லோரும் இடறும் இடம் ஏறக்குறைய ஒன்றுதான். இதைச் சண்டை கேம் என்று நினைத்துத் தொடங்குகிறார்கள். உண்மையில் இது குடும்பம் நடத்துகிற கேம். கையில் இருக்கிற ஆட்கள் சொற்பம், போன ஆள் திரும்பி வருவதில்லை. எனவே எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்ற வரிசைதான் எல்லாமே. கீழே இருப்பது அந்த வரிசை.

1. தொடங்குமுன்

இங்கே சொல்வது 2015-இல் மூஹா கேம்ஸ் வெளியிட்ட முதல் தியாவுக்கு. 2019-இல் வந்த இரண்டாம் பாகமான 'தி ஷாட்டரிங்' பெயரில் ஒன்றானாலும் ஆட்டத்தில் பல இடங்களில் மாறுபடும். இரண்டும் கையில் இருந்தால் முதலாவதிலிருந்து தொடங்குங்கள். ஒரே கிராமம், ஒரு சிறிய குழு என்பதால் தப்பு எங்கே நடந்தது என்பது தெளிவாகத் தெரியும்.

கேமில் தமிழ் கிடையாது. ஆங்கிலத்தில் நிறைய படிக்க வேண்டியிருக்கும். நிகழ்வுகள் எல்லாமே சின்னச் சின்னக் கதைகளாக வரும், அதில் ஒரு வரியைத் தவறவிட்டால் தவறான விருப்பத்தை (ஆப்ஷனை) அழுத்திவிடுவோம். அவசரமில்லாத நேரத்தில் உட்காருங்கள். டர்ன் முறையில் நடப்பதால் நீங்கள் பொத்தானை அழுத்தும்வரை உலகம் காத்திருக்கும்.

பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள். எதற்கு என்று நான்காவது பகுதியில் தெரியும்.

2. கடவுளும் கடினமும்

நீங்கள் ஆடுவது ஒரு ஸ்லாவியக் கடவுளாக, அதாவது ரஷ்யர், போலந்துக்காரர் போன்ற ஸ்லாவிய மக்களின் பழைய புராணக் கடவுளாக. ஸ்வரோக், மோகோஷ், வேலெஸ், லாடா என்று பலர் இருக்கிறார்கள். தொடக்கத்தில் எல்லோரும் கிடைக்கமாட்டார்கள். ஆட்டம் முடிய முடிய புள்ளிகள் சேர்ந்து மற்றவர்கள் திறப்பார்கள்.

படத்தைப் பார்த்துக் கடவுளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒவ்வொருவருக்கும் கீழே என்ன கூடுதல் பலன் என்று எழுதியிருக்கும். சேகரிப்பதற்கோ பொருள் செய்வதற்கோ உதவுகிற பலன் முதல் ஆட்டத்துக்கு நல்லது. சண்டைப் பலன் ஓர் அடியில் உதவும், சேகரிப்புப் பலன் ஒவ்வொரு டர்னிலும் உதவும்.

கடினத்தைக் குறைத்தே வையுங்கள். இதில் கௌரவம் பார்க்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உயர்ந்த கடினத்தில் எதிரிகள் சீக்கிரமே வலுக்கிறார்கள். நீங்கள் எதனால் தோற்றீர்கள் என்று புரிந்துகொள்வதற்குள் ஆட்டம் முடிந்துவிடும், கற்றுக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது.

3. முதல் டர்னில் யாரையும் நகர்த்தாதீர்கள்

மேப் திறந்ததும் கிராமம் ஒரு பக்கம், பயணக்குழு ஒரு பக்கம் தெரியும். கை குழுவைத்தான் தேடும். வேண்டாம். முதலில் கிராமத்தைத் திறந்து பாருங்கள்.

கிராமத்தைச் சுற்றியுள்ள அறுகோணக் கட்டங்களில் என்னென்ன இருக்கின்றன என்பதுதான் உங்கள் சொத்து. மேப் ஒவ்வொரு ஆட்டத்திலும் புதிதாக உருவாகும். ஓர் ஆட்டத்தில் மரம் குவிந்திருக்கும், அடுத்ததில் மரம் ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் இருக்கும். உணவு எங்கே, மரம் எங்கே, கல் எங்கே என்று பார்த்துவிடுங்கள். இருப்பது எது என்று தெரிந்தால்தான் வெளியே தேட வேண்டியது எது என்று தெரியும்.

அடுத்து ஆட்களைப் பாருங்கள். போர்வீரர், சேகரிப்பவர், கைவினைஞர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு தொழில் உண்டு. போர்வீரரைச் சுள்ளி பொறுக்க வைத்தால் பொறுக்குவார், ஆனால் குறைவாகத்தான் கொண்டுவருவார். அவரவர் வேலையில் அவரவரை வைப்பது முதல் டர்னின் முழு வேலை.

4. சோறும் விறகும்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

உங்கள் ஆட்கள் ஒவ்வொரு டர்னும் சாப்பிடுகிறார்கள். அடுப்புக்கு விறகும் ஒவ்வொரு டர்னும் எரிகிறது. உணவு எல்லோர் கண்ணிலும் படும், விறகுதான் மறந்துபோகும். மரத்தையெல்லாம் ஆயுதம் செய்யவும் கட்டிடம் கட்டவும் போட்டுவிட்டு, எரிக்க ஒன்றுமில்லாமல் நிற்பது புதியவர்கள் செய்யும் இரண்டாவது பெரிய தப்பு.

நோட்டை எடுங்கள். கிராமத்தில் உணவு எவ்வளவு, மரம் எவ்வளவு என்று எழுதுங்கள். டர்னை முடியுங்கள். மறுபடி பாருங்கள். இப்படி மூன்று டர்ன் குறித்தால் வரவா செலவா என்று கணக்கு கையில் இருக்கும். திரையில் உள்ள எண்களை மனதில் கூட்டிக் கழிப்பதைவிட இது நம்பகமானது. நடுவில் நிகழ்வுகள் வந்து எதையாவது பறித்துக்கொண்டு போவதும் இதில் சேர்ந்தே தெரியும்.

வரவு செலவைவிடக் கூடுதலாக இருக்கிறதா? அப்போதுதான் ஒருவரைப் பொருள் செய்யும் வேலைக்கு மாற்ற வேண்டும். அதுவரை கிராமத்தில் இருக்கும் எல்லாச் சேகரிப்பவர்களும் உணவிலும் மரத்திலும்தான்.

இன்னொன்று. ஒரே உணவைக் குவிப்பதைவிடப் பல வகை உணவு வைத்திருப்பது நல்லது. எத்தனை வகை இருக்கிறதோ அதற்கேற்பக் கூடுதல் பலன் கிடைக்கும். இருபது மீனுக்குப் பக்கத்தில் கொஞ்சம் பழமும் தானியமும் இருந்தால் அது வெறும் இருபது மீனைவிட மதிப்புள்ளது.

5. குழுவுக்குக் கட்டுச்சோறு

கிராமத்தின் கிடங்கும் குழுவின் பையும் வேறு வேறு. கிராமத்தில் நூறு உணவு இருந்தாலும் வெளியே இருக்கும் குழுவுக்கு ஒன்றுகூடப் போய்ச்சேராது. நீங்கள்தான் எடுத்துப் பையில் வைக்க வேண்டும். அக்கா மகன் தடுக்கிய இடம் இதுதான். ஊரில் சாப்பாடு இருந்தது, அதனால் பையைத் திறந்து பார்க்கவில்லை.

எத்தனை டர்ன் வெளியே இருக்கப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். குறித்து வைத்த கணக்குப்படி அத்தனை டர்னுக்கு உணவும் விறகும் எடுங்கள். அப்புறம் அதில் பாதியை மேலும் சேருங்கள். யாராவது காயப்பட்டால் நடுவில் தங்கவேண்டி வரும், அந்தப் பாதி அதற்கு.

அதற்காக எல்லாவற்றையும் திணிக்கவும் கூடாது. தூக்கும் அளவுக்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் நடை குறையும். பாரத்தோடு மெதுவாகப் போகிற குழு அதிக டர்ன் எடுக்கும், அதிக உணவும் தின்னும். போகும்போது பை நிறைய இருந்தால் வழியில் கிடைக்கும் நல்ல பொருளைக் கொண்டுவரவும் இடமிருக்காது.

குழுவில் யார் யார்? போர்வீரர்கள் மட்டும் போதாது. ஒரு சேகரிப்பவரையாவது சேருங்கள். வழியில் கூடாரம் போட்டால் பக்கத்துக் கட்டங்களில் இருப்பதைச் சேகரிக்கலாம், சாப்பாடு பாதி வழியில் தீர்ந்தாலும் பிழைக்க ஒரு வழி இருக்கும்.

6. கூப்பிடு தூரத்திலேயே சுற்றுங்கள்

முதல் சில பயணங்கள் கிராமத்தைச் சுற்றி ஒரு வட்டமாக இருக்கட்டும். நேர்கோட்டில் போனால் திரும்பும் தூரமும் அதே அளவு. வட்டமாகப் போனால் எந்த இடத்திலிருந்தும் இரண்டு மூன்று டர்னில் வீடு. கிராமத்துக்கு அருகில் எதிரிக் கூடு எதுவும் இருக்கிறதா என்பதும் அதில் தெரிந்துவிடும்.

மேப்பில் எதிரிகளோடு மண்டையோட்டுக் குறிகள் தெரியும். குறி கூடக் கூட ஆபத்து கூடுகிறது. தொடக்கத்தில் ஒரு மண்டையோடு போதும். இரண்டு இருந்தால் குழுவின் நிலையைப் பார்த்து முடிவெடுங்கள். அதற்கு மேல் என்றால் ஒதுங்கிப் போங்கள். இந்தக் கேமில் ஒதுங்குவது தோல்வி ஆகாது.

இரவில் பார்வை குறையும், எதிரிகளின் பலம் கூடும். பகலில் ஜெயிக்கக்கூடிய சண்டையை இரவில் போய்த் தொட வேண்டாம். இருட்டும்போது கூடாரம் போட்டு, கிடைப்பதைச் சேகரித்து, காலையில் கிளம்புங்கள்.

7. ஆராய்ச்சியில் எதை முதலில் திறப்பது

செய்கிற வேலைகளிலிருந்து ஆராய்ச்சிப் புள்ளிகள் சேரும். சேர்ந்ததும் ஒன்றைத் திறக்கலாம். சேகரிப்பு, பொருள் செய்தல், கட்டிடம் என்று மூன்று பக்கம் கிளைகள் போகும்.

திரையில் பளபளப்பாகத் தெரியும் வாளைத் திறக்கத்தான் ஆசை வரும். ஆனால் அந்த வாளை எதைக் கொண்டு செய்வீர்கள்? பல மூலப்பொருட்கள் கண்ணெதிரே இருந்தாலும், அவற்றுக்கான ஆராய்ச்சி இல்லாமல் சேகரிக்க முடியாது. எனவே கிராமத்தைச் சுற்றி என்ன இருக்கிறது என்று மூன்றாவது படியில் பார்த்தீர்களே, அதை வைத்து முடிவெடுங்கள். பக்கத்தில் இருக்கும் நல்ல பொருள் எதுவோ அதைச் சேகரிக்கும் திறனை முதலில் திறங்கள். ஆயுதம் இரண்டாவது, கட்டிடம் மூன்றாவது. இது எப்போதும் மாறாத விதி இல்லை, முதல் ஆட்டத்துக்கு இப்படி வையுங்கள்.

8. பொருள் செய்வது

ஒரே ஈட்டியைச் சாதா மரத்தில் செய்தால் ஒரு பலம், உயர்ந்த மரத்தில் செய்தால் வேறு பலம். செய்வதற்கு முன்பே மூலப்பொருளை மாற்றி மாற்றி வைத்து என்ன வரும் என்று பார்க்கலாம். இதில் பத்து நிமிடம் செலவழித்தாலும் தப்பில்லை.

முதலில் செய்ய வேண்டியது வேலைக்கருவிகள். சேகரிப்பவர் கையில் ஒரு கருவி கொடுத்தால் அன்றிலிருந்து எல்லா டர்னிலும் கூடுதல் வரவு. ஆயுதம் சண்டை வரும்போது மட்டும்தான் வேலை செய்யும். கருவிக்கு அப்புறம் கேடயமும் மேலுடுப்பும், கடைசியில்தான் வாள். ஏன் இந்த வரிசை என்றால், இந்தக் கேமில் ஓர் ஆளை இழப்பது சண்டையை இழப்பதைவிடப் பெரிய நஷ்டம்.

செய்து முடித்ததும் அவரவர் உடம்பில் மாட்ட மறக்காதீர்கள். புதிதாகச் செய்த கேடயம் கிடங்கில் தூங்கிக்கொண்டிருக்க, வெறுங்கையோடு போய் அடிவாங்கிய குழுக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

9. கார்டுச் சண்டை

புதியவர்களை அதிகம் குழப்புவது இதுதான். உங்கள் ஆட்கள் ஒவ்வொருவரும் ஒரு கார்டு. சண்டை தொடங்கியதும் கார்டுகள் கலைக்கப்பட்டு இரண்டாகப் பிரியும். ஒரு பாதி களத்தில் இறங்கி அடிக்கிறவர்கள். மறுபாதி பின்னால் நின்று உதவுகிறவர்கள். இவர்கள் நம் ஆளுக்குப் பலம் கூட்டுவார்கள், அல்லது எதிரியைத் தடுமாற வைப்பார்கள். யார் எந்தப் பாதியில் விழுவார் என்பது உங்கள் கையில் இல்லை.

களத்தில் வைத்த கார்டுகள் இடமிருந்து வலமாக வரிசையில் அடிக்கும். ஒவ்வொன்றும் தனக்கு அருகில் இருக்கும் எதிரியைத் தாக்கும். சண்டையின் சூட்சுமம் முழுக்க இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது.

ஓர் உதாரணம். ஐந்து பேர் கொண்ட குழு, எதிரில் ஓநாய்க் கூட்டம், ஒரு மண்டையோடு. கலைத்ததில் ஈட்டிக்காரர் பின்வரிசையில் விழுந்தார். முன்வரிசையில் கேடயக்காரர், ஒரு கைவினைஞர், ஒரு சேகரிப்பவர். அக்கா மகன் கைவினைஞரை முதலில் இறக்கினான், நல்ல ஆளைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு. ஓநாய்கள் அவருக்கு இரண்டு பக்கமும் வந்து உட்கார்ந்தன. அடிக்கும் முறை வந்தபோது அருகில் இருந்தது அவர் ஒருவர்தான், மொத்தக் கடியும் அவர்மேல்.

சேவ் செய்த இடத்திலிருந்து திரும்பத் தொடங்கினோம். இந்தத் தடவை கார்டுகள் கொஞ்சம் மாறி விழுந்தாலும் கேடயக்காரர் முன்வரிசையில்தான் இருந்தார். அவரை முதலில் இறக்கச் சொன்னேன். ஓநாய்கள் அவரைச் சூழ்ந்தன. மற்றவர்களை அவருக்குச் சற்றுத் தள்ளி வைத்தோம். பின்வரிசை ஆளைக் கொண்டு ஒரு ஓநாயைத் தடுமாற வைத்தோம். கடியைக் கேடயம் வாங்கியது, களத்தில் தள்ளி நின்றவர்கள் அடித்தார்கள். ஒரு சிராய்ப்போடு முடிந்தது. ஆட்கள் அதே ஐந்து பேர்தான், யார் முதலில் இறங்கினார் என்பதுதான் மாறியிருந்தது.

தாங்கக்கூடியவர் முதலில், அடிக்கக்கூடியவர் அடுத்து, பலவீனமானவர் கடைசியில் ஓரமாக. இதை மனதில் வைத்தால் தொடக்கச் சண்டைகள் கடந்துபோகும்.

கணினியே சண்டையை முடித்துவைக்கும் பொத்தானும் உண்டு. உங்களைவிட மிகவும் பலவீனமான எதிரி என்றால் தாராளமாக அழுத்துங்கள். சமபலம் என்றால் கூடாது, காயத்தின் அளவு மாறிவிடும்.

10. அடிதடி தவிர வேறு வழிகள்

கார்டு வந்தாலே ஆயுதச் சண்டை என்று நினைக்க வேண்டாம். பேசிச் சமாளிப்பது, வேட்டை, நோய், மாந்திரீகம் என்று போட்டிகள் பல வகை. ஒரே ஆளின் கார்டு ஒவ்வொரு வகையிலும் வேறு மதிப்பு காட்டும். வாளில் சிங்கமாக இருப்பவர் பேச்சில் ஒன்றுமில்லாமல் இருப்பார். சண்டையில் ஓரமாக நின்ற மூலிகைக்காரர் நோய்ப் போட்டியில் எல்லோரையும் காப்பாற்றுவார். அதனால்தான் குழுவில் பலவிதத் திறமைகள் கலந்திருக்க வேண்டும்.

இங்கே ஸ்லாவியப் புராணம் கொஞ்சம் தெரிந்திருந்தால் கதை வரிகள் தெளிவாகப் புரியும். லேஷி காட்டின் காவலர். நாட்டுப்புறக் கதைகளில் வழிப்போக்கரைத் திசை தெரியாமல் அலைய வைப்பவர் அவர்தான். தப்பிக்க உடையைப் புரட்டிப் போட்டுக்கொள்வார்களாம். தோமோவோய் வீட்டைக் காக்கும் ஆவி, அவருக்கு ரொட்டியும் பாலும் வைப்பது வழக்கம். ருசால்கா நீரில் மூழ்கி இறந்த பெண்ணின் ஆவி, அழகைக் காட்டித் தண்ணீருக்குள் இழுப்பவள். ஸ்ட்ரிகா இரவில் திரிந்து இரத்தம் குடிப்பது.

இவர்களில் பலர் பிறவி எதிரிகள் அல்ல. காட்டை மதிக்கிறவனை லேஷி விட்டுவிடுவார், வீட்டு ஆவி கவனித்தால் துணை நிற்கும். இப்படிப்பட்ட பெயர் வந்தால் உடனே அடிதடி விருப்பத்தை அழுத்தாதீர்கள். எல்லா விருப்பங்களையும் படியுங்கள், பக்கத்தில் காட்டியிருக்கும் கடினத்தையும் பாருங்கள், உங்கள் குழுவில் யாருக்கு எந்தத் திறமை என்று பார்த்து முடிவெடுங்கள்.

11. குழந்தைகளும் புதியவர்களும்

கிராமத்தில் குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களாவார்கள். அப்போது என்ன தொழில் என்று கேம் உங்களைக் கேட்கும். வரிசையாக எல்லோரையும் போர்வீரர் ஆக்கிவிடுவது வழக்கமான தப்பு. ஊரில் சேகரிக்க ஆளில்லாமல் போய்விடும். நோட்டுக் கணக்கைப் பாருங்கள். எந்த வேலையில் ஆள் குறைகிறதோ அந்த வேலைக்கு அனுப்புங்கள்.

வளரும்வரை குழந்தைகள் கிராமத்தில் இருக்கட்டும். குழுவில் சேர்த்தால் கார்டாகக் களத்தில் வந்து விழுவார்கள்.

கட்டிடங்கள் புதியவர்களை ஈர்க்க உதவும். எந்த மூலப்பொருளில் கட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பலன் மாறும். கையில் கிடைத்த சாதாப் பொருளில் அவசரமாகக் கட்டுவதைவிட, கொஞ்சம் பொறுத்து நல்ல பொருளில் கட்டுவது நல்லது.

புது ஆள் வந்தால் சந்தோஷம்தான். கூடவே ஒரு வாயும் வந்திருக்கிறது. வந்த அன்றே கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

12. முதல் ஆட்டம் முடிந்த பிறகு

முதல் ஆட்டத்தில் பெரும்பாலும் தோற்பீர்கள். சேர்ந்த புள்ளிகள் கடவுளின் கணக்கில் தங்கும், அடுத்த ஆட்டம் சற்று வசதியாகத் தொடங்கும். ஆகவே கிராமம் சரிகிறது என்று தெரிந்தாலும் பாதியில் மூடிவிடாமல் முடிவுவரை ஆடுங்கள்.

இரண்டாவது ஆட்டத்தில் கடவுளை மாற்றாதீர்கள், கடினத்தையும் மாற்றாதீர்கள். நோட்டைப் புரட்டி, முதல் ஆள் எந்த டர்னில் செத்தார், அதற்கு ஐந்து டர்ன் முன்னால் கிடங்கில் என்ன இருந்தது என்று பாருங்கள். அந்த ஐந்து டர்னை மட்டும் வேறுமாதிரி ஆடிப்பாருங்கள்.